செவலைப் பசுவும் பன்னிரண்டு தம்ளரும்

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கரிசல் ஊர். முந்தின நாள்தான் ரெண்டு உழவு மழை பெய்திருந்தது. செருப்போடு நடந்தால் ஒவ்வொரு செருப்பிலும் அரைக் கிலோ மண் அப்பிக்கொண்டு வந்தது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். மந்தை வேப்பமரத்தடியில் விடிகாலையிலேயே மாடுகளைக் கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். அன்றைக்குக் கோமாரி ஊசி போடும் முகாம்.

ஊசி போடுகிறவர் ஐஸ் பெட்டியைத் திறந்து பாட்டிலை எடுத்தார். உள்ளே மருந்து பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. வரிசையில் ஐந்தாவதாக ஒரு செவலைப் பசு. அதன் கழுத்துக் கயிற்றை ஆறாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் பிடித்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய ஆச்சி. பசுவின் காதில் மஞ்சள் நிறத் தோடு. அதில் 12 இலக்க எண்.

"சார், போன தடவையும் இதே ஊசிதான போட்டீக?"

"ஆமா தாயி."

"எங்க செவலை அதுக்குள்ள மறந்திருச்சா?"

"மறக்கத்தான் செய்யும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஞாபகப்படுத்தணும்."

"சரி, செவலை மறந்துரும். நோய்க்கிருமி? அது மட்டும் மாறாம அப்படியேவா இருக்கும்?"

ஊசியைக் கையில் பிடித்தபடியே அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இந்தா, புஸ்தகத்துக்கு எழுதுற சார் வந்திருக்காருல்ல. அவர்கிட்டக் கேளு. எனக்கு இன்னும் முப்பது மாடு இருக்கு."

நன்றாக மாட்டிக்கொண்டேன். அந்தப் பெண் விடவில்லை. பாட்டில் லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அடுத்த கேள்வியைப் போட்டாள். "ஜீரோ, ஏ, ஏசியா ஒன்னுன்னு போட்டிருக்கே, அது என்ன கணக்கு?"

அது ஜீரோ இல்லை. 'ஓ'. அங்கிருந்தே தொடங்கலாம்.

கோமாரி என்றால் எப்படி இருக்கும் என்று ஆச்சிதான் சொன்னார். "வாயில எச்சி நூல் நூலா ஒழுகும். சப்புச் சப்புன்னு சத்தம் கேக்கும். நாக்குல கொப்புளம், குளம்புக்கு நடுவுல புண்ணு. உழவு நேரத்துல வந்திச்சுன்னா அந்த வருசம் வெள்ளாமையே போச்சு." பெரிய மாடுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கன்றுகள்தான் செத்துப்போகும். பிழைத்த மாட்டிலும் பால் இறங்கிவிடும்; காளை ஏர் இழுக்காது. ஆடு, பன்றிக்கும் வரும். குழந்தைகளுக்குக் கை, கால், வாயில் கொப்புளம் போடுகிற காய்ச்சல் ஒன்று உண்டே, அது வேறு வைரஸ். கோமாரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

1898-இல் ஜெர்மனியில் லோஃப்லர், ஃப்ராஷ் என்ற இருவர், பாக்டீரியாவைக்கூடத் தடுத்து நிறுத்தும் வடிகட்டியில் கோமாரி மாட்டின் கொப்புள நீரை ஊற்றினார்கள். வடிந்து வந்த தெளிந்த நீரும் நோயைக் கொடுத்தது. விலங்குகளுக்கு வரும் வைரஸ்களில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது இப்படித்தான். அந்த வைரஸ் எவ்வளவு சிறியது? ஒரு தீக்குச்சியின் கனத்தில் 60,000 வைரஸ்களைத் தோளோடு தோள் நிறுத்திவிடலாம்.

பிறகு 1922-இல் பிரான்சில் வாலே, காரே என்ற இருவர் ஒரு வினோதத்தைக் கவனித்தார்கள். ஒரு தடவை கோமாரி வந்து குணமான மாட்டுக்கு வேறோர் இடத்திலிருந்து வந்த கோமாரி மறுபடியும் தொற்றியது. பார்வைக்கு ஒரே நோய்தான், வைரஸ் வேறு. பிரான்சில் ஒய்ஸ் என்ற பகுதியில் கிடைத்ததற்கு 'ஓ' என்றும், ஜெர்மனியிலிருந்து வந்ததற்கு 'ஏ' என்றும் பெயர் வைத்தார்கள். பிரெஞ்சு மொழியில் ஜெர்மனிக்கு 'அல்மாஞ்' என்று பெயர். அதன் முதல் எழுத்துதான் ஏ. உலகத்தில் இதுவரை ஏழு வகைகள் கண்டிருக்கிறார்கள். இந்தியாவில் 'சி' என்ற வகை கடைசியாகத் தென்பட்டது 1995-இல். மிச்சமிருப்பவை ஓ, ஏ, ஏசியா-1. அதனால்தான் பாட்டிலில் மூன்று பெயர்.

ஓ வகைக்குப் போட்ட ஊசி ஏ வகையைத் தடுக்காது. ஏன் தடுக்காது என்பதைக் கோவில்பட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்வது சுலபம். தீப்பெட்டி இருக்கிறதே!

நான் சின்னப் பையனாக இருந்தபோது தீப்பெட்டிப் படம் சேர்ப்போம். இன்றைக்கு நீங்கள் கிரிக்கெட் அட்டை சேர்க்கிற மாதிரி. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கம் எத்தனை தீப்பெட்டி ஆபீஸ் உண்டோ அதைவிட அதிகமாக லேபிள் உண்டு. அதில் ஒரு தில்லுமுல்லும் உண்டு. ஒரு சேவல் படம் நன்றாக விற்றால், இன்னொருத்தர் அதே மாதிரிச் சேவல் போடுவார். வாலில் மட்டும் ஒரு இறகு குறைவாக இருக்கும். எங்கள் கூட்டத்தில் ஒருவன் கொண்டையைப் பார்த்தே கண்டுபிடிப்பான். ஒருவனுக்கு வால்தான் அடையாளம். இன்னொருவன் மூலையில் இருக்கும் நட்சத்திரத்தைப் பார்ப்பான்.

மாட்டின் ரத்தத்திலும் இப்படிப்பட்ட பையன்கள் கோடிக்கணக்கில் உண்டு. பாடப்புத்தகத்தில் எதிர்ப்பொருள் என்று படித்திருப்பீர்கள். ஆஸ்பத்திரியில் ஆன்டிபாடி என்பார்கள். ஒவ்வொரு ஆன்டிபாடியும் வைரஸின் மேல் சட்டையில் ஏதோ ஒரு சின்ன இடத்தை மட்டுமே அடையாளம் தெரிந்து வைத்திருக்கும். கொண்டை தெரிந்தவன் கொண்டையைப் பிடிப்பான், வால் தெரிந்தவன் வாலைப் பிடிப்பான். பிடித்துக்கொண்டால் வைரஸ் செல்லுக்குள் நுழைய முடியாது. தடுப்பூசியில் இருப்பது செத்த வைரஸ். நோய் தராது, ஆனால் அதன் சட்டையைப் பார்த்து மாட்டின் உடம்பு ஆன்டிபாடிகளைத் தயார் செய்துகொள்ளும்.

இப்போது வைரஸ் வாலில் ஓர் இறகைக் குறைத்துக்கொண்டது என்று வையுங்கள். வாலை நம்பியிருந்தவன் ஏமாந்துபோவான். கொண்டைக்காரனும் நட்சத்திரக்காரனும் ஏமாற மாட்டார்கள். ஆகவே பாதுகாப்பு ஒரேயடியாகப் போய்விடாது, குறையும். எவ்வளவு குறையும்? இந்த 'எவ்வளவு' என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. வைரஸ் மாறிவிட்டது என்று கேட்டதும் பயப்படுவதும், ஒன்றும் ஆகாது என்று கையை உதறுவதும் சுலபம். அளந்து பார்ப்பதுதான் கஷ்டம்.

அதற்கு முன்னால், வைரஸ் ஏன் மாறுகிறது? வேண்டுமென்று மாறுவதில்லை. வாத்தியார் இம்போசிஷன் எழுதச் சொன்னால் நூறாவது தடவை எழுதும்போது எழுத்து விட்டுப்போகிறதல்லவா, அதே கதைதான். கோமாரி வைரஸின் உடம்பில் இருக்கும் ஆர்.என்.ஏ. 8,000 எழுத்துக்குச் சற்று மேலான நீளமுள்ள ஒரு வாக்கியம். ஒவ்வொரு புது வைரஸுக்கும் அதை முழுக்கப் பார்த்து எழுத வேண்டும். நம் உடம்பில் செல்கள் டி.என்.ஏ.வைப் பார்த்து எழுதும்போது தப்பைத் திருத்த ஆள் உண்டு. கோமாரி வைரஸுக்குத் திருத்துகிற ஆளே கிடையாது. ஏறக்குறைய ஒவ்வொரு நகலிலும் ஒரு பிழை வந்துவிடும். பெரும்பாலான பிழைகள் வைரஸுக்கே உதவாமல் போகும். எப்போதாவது ஒரு பிழை சட்டையின் ஒரு மூலையை மாற்றும். அந்தச் சட்டைக்கு ஆன்டிபாடி தெரியாத மாடு கிடைத்தால், அந்த நகல்தான் பெருகும். எட்டயபுரம் சனிக்கிழமை ஆட்டுச் சந்தையை நினைத்துப் பாருங்கள். எத்தனை ஊர் ஆடு, எத்தனை மூச்சுக்காற்று ஒன்றாகக் கலக்கிறது!

சரி, அளப்பது எப்படி? வீட்டுக்கு வாருங்கள். அந்தப் பெண்ணின் வீட்டு முற்றத்தில் நாங்கள் செய்ததையே சொல்கிறேன்.

பன்னிரண்டு தம்ளர் எடுத்தோம். எவர்சில்வர் ஆகாது. உள்ளே நிறம் தெரிய வேண்டும். கண்ணாடித் தம்ளர் மூன்றுதான் இருந்தது. மிச்சத்துக்கு விசேஷ வீட்டில் மீந்த பிளாஸ்டிக் தம்ளர். முதல் தம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் பத்துச் சொட்டு விட்டோம். மற்ற பதினொன்றிலும் பாதி பாதி வெறும் தண்ணீர். முதல் தம்ளரிலிருந்து பாதியை இரண்டாவதில் ஊற்றிக் கலக்கினோம். இரண்டாவதிலிருந்து பாதியை மூன்றாவதில். அப்படியே கடைசி வரை. ஒவ்வொரு தம்ளரிலும் முந்தினதில் பாதி நீலம்.

ஆச்சி திண்ணையிலிருந்தே கணக்குச் சொன்னார். "ஒன்னு. அரை. கால். அரைக்கால். வீசம். அரைவீசம். கால்வீசம்." பள்ளிக்கூடம் போகாதவர். நாம் 1, 1/2, 1/4, 1/8, 1/16, 1/32, 1/64 என்று எழுதுவது அவருக்கு வாய்ப்பாடாக வருகிறது. பாதியைப் பாதியாக்குவதற்கு இவ்வளவு பெயர் வைத்திருந்தவர்கள் நம் ஆட்கள். இந்தக் கணக்கைப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பதை ஏன் விட்டோமோ, எனக்கு அதில் வருத்தம்தான்.

வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பார்த்தோம். எனக்கு எட்டாவது தம்ளர் வரை நீலம் தெரிந்தது. அந்தப் பெண் ஒன்பதாவதிலும் இருக்கிறது என்று சத்தியம் பண்ணினாள். ஆச்சிக்கு ஆறோடு சரி.

இப்போது சொட்டு நீலத்தைப் பத்துக்குப் பதிலாக இருபது சொட்டு விட்டிருந்தால்? ஒரு தம்ளர் கூடத் தெரியும். ஐந்து சொட்டு என்றால் ஒரு தம்ளர் குறையும். ஆக, எந்தத் தம்ளரில் நிறம் மறைகிறது என்று எண்ணினாலே, முதலில் எவ்வளவு நீலம் இருந்தது என்று தெரிந்துவிடும். தராசு வேண்டாம்.

ஆய்வுக்கூடத்தில் செய்வதும் இதேதான். தம்ளருக்குப் பதில், உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு. அதில் சட்டைப் பித்தான் அளவுக் குழிகள், வரிசைக்குப் பன்னிரண்டாக எட்டு வரிசை, மொத்தம் 96. சொட்டு நீலத்துக்குப் பதில், ஊசி போட்டு மூன்று நான்கு வாரமான மாட்டின் ரத்தத்திலிருந்து எடுத்த தெளிநீர். சீரம் என்பார்கள். அதில்தான் ஆன்டிபாடிகள் இருக்கின்றன. அதை அரை, கால், அரைக்கால் என்று நீர்த்துக்கொண்டே போவார்கள். பிறகு சீரம் உள்ள எல்லாக் குழியிலும் ஒரே அளவு உயிருள்ள வைரஸ். கொஞ்ச நேரம் கழித்து, வைரஸுக்குப் பிடித்த செல்கள். இந்தச் செல்களுக்கு ஒரு கதை உண்டு. 1961-இல் கிளாஸ்கோ நகரில் ஹாம்ஸ்டர் என்ற எலியின் ஒரு நாள் குட்டிகளிடமிருந்து சிறுநீரகச் செல்களை எடுத்து வளர்த்தார்கள். அவற்றின் வாரிசுகள் உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. கோமாரித் தடுப்பூசிக்கு வேண்டிய வைரஸை வளர்ப்பதும் அவற்றில்தான்.

இரண்டு மூன்று நாள் கதகதப்பில் வைத்துவிட்டுச் சாயம் ஊற்றுவார்கள். செல்கள் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்த குழி நீலமாகும். வைரஸ் செல்களைக் கொன்றுவிட்ட குழியில் சாயம் ஒட்டாது, வெள்ளையாக நிற்கும். சில குழிகளில் வைரஸே போடாமல் விட்டிருப்பார்கள். அவை கட்டாயம் நீலமாக வேண்டும். சில குழிகளில் சீரம் போட்டிருக்க மாட்டார்கள். அவை கட்டாயம் வெளுக்க வேண்டும். இந்தச் சாட்சிக் குழிகள் பொய் சொன்னால் மொத்தத் தட்டும் குப்பைக்கு.

செவலையின் சீரத்தைக் கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். தடுப்பூசியில் இருக்கும் அதே வைரஸை எதிர்த்து, 256 மடங்கு நீர்த்த பிறகும் அந்தச் சீரம் செல்களைக் காப்பாற்றியது என்று வையுங்கள். இப்போது புதிதாக ஏதோ ஓர் ஊரில் நோய் வந்த மாட்டிலிருந்து எடுத்த வைரஸைப் போட்டுப் பார்க்கிறோம். அதை எதிர்த்து 128 மடங்கு வரைதான் காப்பாற்றுகிறது. 128-ஐ 256-ஆல் வகுத்தால் 0.5. ஒரு தம்ளர் சறுக்கியிருக்கிறது. 64 மடங்கு வரைதான் என்றால் 0.25. இரண்டு தம்ளர் சறுக்கல்.

உலகம் முழுவதும் கோமாரி ஆய்வாளர்கள் வைத்திருக்கும் எல்லைக்கோடு 0.3. அதற்கு மேலே இருந்தால் பழைய தடுப்பூசி புதிய வைரஸுக்கும் பெரும்பாலும் போதும். கீழே போனால் யோசிக்க வேண்டும். நம் தம்ளர் பாஷையில் சொன்னால், ஒரு தம்ளர் சறுக்கினால் பரவாயில்லை, இரண்டு தம்ளர் சறுக்கினால் மணி அடிக்க வேண்டும். எனக்கும் அந்தப் பெண்ணுக்குமே ஒரு தம்ளர் வித்தியாசம் வந்ததே, அப்புறம் எப்படி நம்புவது என்கிறீர்களா? சரியான கேள்வி. அதனால்தான் ஒரு மாட்டின் சீரத்தை மட்டும் நம்பாமல் பல மாடுகளின் சீரத்தைக் கலந்து, அதே சோதனையைப் பல தடவை திரும்பச் செய்து, சராசரி பார்ப்பார்கள்.

இந்தியாவில் இந்த வேலையைப் பல ஆண்டுகள் செய்துவந்தது இமயமலைச் சரிவில் இருக்கும் முக்தேசுவரம் ஆய்வுக்கூடம். இப்போது ஒடிசாவில் புவனேசுவரம் அருகே இதற்கென்றே பெரிய நிறுவனம் இருக்கிறது. நோய் கண்ட மாட்டின் நாக்கில் உரிந்த தோலைக் கிளிசரின் கலந்த திரவத்தில் போட்டு அனுப்புவார்கள். அதிலிருந்து வைரஸை எடுத்து வளர்த்து, எழுத்து எழுத்தாகப் படித்து, தட்டில் அளப்பார்கள்.

தடுப்பூசிக்கு எடுக்கும் வைரஸை 'விதை' என்பார்கள். இந்தியத் தடுப்பூசியில் பல ஆண்டுகளாக இடம்பெற்ற விதைகளின் பெயரைக் கேளுங்கள்: ஓ வகைக்கு ஆர்2/1975, ஏசியா-1 வகைக்கு 63/1972, ஏ வகைக்கு 40/2000. பின்னால் வருவது ஆண்டு. 1975-ஆம் ஆண்டு விதை உங்கள் அப்பாவைவிட வயதில் மூத்ததாக இருக்கலாம்! பழசு என்பதற்காகத் தூக்கிப் போடுவதில்லை. எத்தனையோ வருஷமாக நாட்டில் சுற்றும் ஓ வகை வைரஸ்களை அதன் சீரத்தோடு அளந்து பார்த்து, பெரும்பாலும் பொருந்துகிறது என்று கண்டுதான் வைத்திருந்தார்கள்.

ஏ வகைதான் குறும்புக்காரன். புரதம் என்பது மணிகள் கோத்த மாலை. வைரஸின் சட்டையில் நான்கு விதமான புரத மாலைகள் உண்டு. அதில் மூன்றாவது மாலையில் 59-ஆவது மணி, ஆன்டிபாடிகள் பிடித்துக்கொள்ளும் முக்கியமான இடம். 2002 வாக்கில் இந்தியாவில் சுற்றிய ஏ வகை வைரஸ்களில் ஒரு கூட்டத்தைப் படித்துப் பார்த்தபோது அந்த மணியையே காணோம். வேறு மணியாக மாறவில்லை; நூலிலிருந்தே உருவிவிட்டது. சேவல் வாலில் ஓர் இறகு குறைந்த கதை. அந்தக் கூட்டம் நாட்டில் வேகமாகப் பரவியது. அதில் பல வைரஸ்கள் பழைய சீரத்துக்கு நன்றாகச் சிக்கவில்லை என்று தட்டு காட்டியது. புதிய ஏ விதைக்கான தேடல் அதிலிருந்துதான் சூடுபிடித்தது.

எண் 0.3-க்குக் கீழே போனால் உடனே பாட்டிலை மாற்றிவிட வேண்டுமா? அதுவும் இல்லை. மருந்தில் செத்த வைரஸின் அளவைக் கூட்டலாம். ஒன்றுக்கு இரண்டு ஊசி போடலாம். ஆன்டிபாடி ஏராளமாக இருந்தால் ஒன்றிரண்டு தம்ளர் சறுக்கலைத் தாங்கிக்கொள்ளும். இருபது சொட்டு நீலம் விட்ட கதைதான் இதுவும்.

வைரஸின் எந்த மணி மாறினால் எந்த ஆன்டிபாடி ஏமாறும் என்று தெரிந்துகொள்ள ஆய்வாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். வாலைப் பார்க்கிற பையனை மட்டும் காவலுக்கு விட்டு வைரஸை வளர்ப்பது. அவனை ஏமாற்றத் தெரிந்த வைரஸ்தான் பிழைக்கும். பிழைத்ததைப் பிடித்துப் படித்தால் மாறிய மணி எதுவென்று தெரிந்துவிடும். இப்படித் தேடித்தான் ஓ வகையின் சட்டையில் ஐந்து முக்கிய இடங்களைக் கண்டார்கள். 1989-இல், பெங்களூரில் படித்து இங்கிலாந்து சென்ற ரவி ஆச்சார்யாவும் உடன் உழைத்தவர்களும் எக்ஸ்-கதிரால் இந்த வைரஸின் முழு உருவத்தையும் வரைந்து காட்டினார்கள். அந்தப் படத்தில் ஓர் இடம் மட்டும் மங்கலாக விழுந்தது. கிடா கழுத்து மணி மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு வளையம் அது. அதன் நுனியில் மூன்று மணிகள். செல்லின் கதவைத் திறக்கும் சாவி அவைதான். சாவியை மாற்றினால் வைரஸே வீட்டுக்குள் போக முடியாது. எனவே அந்த மூன்றும் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றைச் சுற்றியுள்ள மணிகளோ சதா மாறிக்கொண்டே இருக்கும். திருடன் ஆயிரம் வேஷம் கட்டினாலும் சாவி அதே சாவி!

மனிதர்களுக்கு வந்த கொரோனாவில் இந்த வேலையை இன்னும் துருவிச் செய்தார்கள். செல்லைப் பிடிக்கும் இடத்தில் அந்த வைரஸுக்குச் சுமார் 200 மணிகள். ஒவ்வொரு மணிக்கும் பதிலாக வேறு 19 மணிகளைக் கோக்கலாம். 200 பெருக்கல் 19, ஆக 3,800. அமெரிக்காவில் சியாட்டில் நகர ஆய்வாளர்கள் 2020-இல் ஏறத்தாழ அத்தனையையும் செய்து பார்த்தார்கள். பிறகு குணமானவர்களின் சீரத்தோடு ஒவ்வொன்றையும் உரசிப் பார்த்ததில், 484-ஆவது மணி மாறினால் பலருடைய ஆன்டிபாடி தடுமாறும் என்று தெரிந்தது. பின்னால் வந்த ஓமிக்ரானைப் பாருங்கள், அந்த மணி மாறித்தான் இருந்தது.

மாற்றத்தை நாமும் நமக்குச் சாதகமாகச் செய்யலாம். கோமாரித் தடுப்பூசிக்குப் பெரிய எதிரி வெயில். சூடு ஏறினால் செத்த வைரஸின் சட்டை துண்டு துண்டாகப் பிரிந்துவிடும். பிரிந்த துண்டுகளைப் பார்த்து உடம்பு நல்ல ஆன்டிபாடி செய்யாது. அதனால்தான் ஐஸ் பெட்டி. பாட்டில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் கரிசல் வெடிப்பு விட்டுக் கிடக்கும்போது கடைக்கோடி ஊர் வரை அந்தக் குளிரைக் கொண்டுபோவது லேசான காரியமில்லை. 2013-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள், உள்ளே ஆர்.என்.ஏ. இல்லாத வெறும் சட்டையைத் தயாரித்து, அதில் ஒரே ஒரு மணியை வேண்டுமென்றே மாற்றிக் கோத்தார்கள். சட்டையின் துண்டுகளுக்கு நடுவே புதிதாக ஒரு தையல் விழுந்தது. சூட்டை முன்னைவிட நன்றாகத் தாங்கியது. வைரஸே உள்ளே இல்லாததால், தப்பித்தவறிக்கூட நோய் வராது.

செவலைக்கு ஊசி போட்டாயிற்று. அது திரும்பிக்கூடப் பார்க்காமல் வைக்கோலை இழுத்தது. ஆச்சி முந்தானையில் முடிந்திருந்த கடலை மிட்டாயில் எனக்கும் ஒன்று கொடுத்தார்.

பிள்ளைகளே, உங்கள் வீட்டு மாடோ ஆடோ வாயில் நூலாக எச்சில் ஒழுக்கினால் சந்தைக்கு ஓட்டிப்போக விடாதீர்கள். தனியாகக் கட்டச் சொல்லிவிட்டு 1962 என்ற எண்ணுக்குப் போன் பண்ணச் சொல்லுங்கள். பன்னிரண்டு தம்ளர் சோதனையையும் செய்து பாருங்கள். சொட்டு நீலத்தைத் தம்பி தங்கைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். முடிந்ததும் எல்லாவற்றையும் கீழே கொட்டிவிடுங்கள். உங்களுக்கு எத்தனையாவது தம்ளர் வரை நீலம் தெரிந்தது, வீட்டில் ஆச்சிக்கோ தாத்தாவுக்கோ எத்தனை வரை தெரிந்தது என்று ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்புங்கள்.